தொலைந்துபோக ஒரு குழந்தை

பரதநாட்டியத்தில் டிப்ளமோ வாங்கியவள் நான். ஆனால் இப்போது ஒரு நாளில் நான் அதிகமாகச் சொல்வது ‘மூக்கை நோண்டாதே’, ‘முன்னாடி பாரு’, ‘அவளைத் தள்ளாதே’ என்பவைதான். கிரிவலப் பாதையை ஒட்டி, அடி அண்ணாமலைப் பக்கம் இருக்கும் ஒரு சின்னத் தனியார் ஆரம்பப் பள்ளியில் நடனமும் நாடகமும் சொல்லிக்கொடுக்கிறேன். எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாக் குழந்தைகளும் என் தலையில்தான். எனக்கென்று தனி அறை கிடையாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் சாப்பிட்ட தகரக் கொட்டகையைக் கூட்டிவிட்டு அங்கேயே வகுப்பு. காலைத் தரையில் தட்டும் தட்டடவு ஆரம்பித்தால் யாராவது ஒருவர் பாதத்தில் சாம்பார் சோறு ஒட்டிக்கொள்ளும். அதைக் காட்ட இன்னும் நாலு பேர் காலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஆண்டு விழா நெருங்கினால் நிலைமை இன்னும் மோசம். வகுப்பாசிரியைகள் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். கணக்குப் பாடம் முடியவில்லை, ஹிந்தி டெஸ்ட் இருக்கிறது, இவனுக்குச் சளி, அவளுக்கு அப்பா வந்து கூட்டிப் போகிறார் என்று தினமும் ஒரு காரணம். ஒத்திகைக்கு வருகிற பாதிப் பேரை வைத்துக்கொண்டு வராத பாதிப் பேருக்கும் சேர்த்து நானே ஆடுவேன்.

அந்த வருடம் எங்கள் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, சினிமாப் பாட்டு வேண்டாம், நம்ம ஊர் சம்பந்தமாக ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு நாடகம் எழுதினேன். பௌர்ணமி இரவு. கிரிவலக் கூட்டத்தில் ஒரு குழந்தை அம்மாவின் கையை விட்டுவிடுகிறது. குழந்தை அழுகிறது, அம்மா தேடித் தவிக்கிறாள், கடைசியில் ஒரு போலீஸ்காரர் இருவரையும் சேர்த்து வைக்கிறார். இதற்கு முன்னால் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து தெர்மாகோல் மலையைச் சுற்றி ஒரு நடனம். தாளாளர் எழுதியதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லா இருக்குதும்மா. அழுகை மட்டும் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணுங்க. தாய்மார்கள் நிறைய பேர் வருவாங்க.”

முதலில் நடனத்தை எடுத்துக்கொண்டேன். சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவர்களைப் பார்த்து நின்றுதான் ஆட வேண்டும். நான் வலது கையைத் தூக்கினால் அவர்கள் இடது கையைத் தூக்குவார்கள். அதற்குப் பழகி, எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஆடிக் காட்டுவது என் வழக்கம். அந்த அவசரத்தில் எங்கோ ஒரு இடத்தில் மாற்ற மறந்துவிட்டேன் போலிருக்கிறது. என் கண் முழுக்க அவர்களுடைய பாதத்தின் மேலேயே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, ஒத்திகைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர், கொட்டகை வாசலில் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டார்.

“மேடம், பசங்க மலையை ரிவர்ஸ்ல சுத்திக்கினு இருக்காங்க.”

பார்த்தேன். மலை அவர்களுக்கு இடது கைப் பக்கம் இருந்தது. திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையில் இருக்கும் பள்ளியில், ஊரே உட்கார்ந்து பார்க்கும் மேடையில், பிள்ளைகள் மலையை அப்பிரதட்சணமாகச் சுற்ற இருந்தார்கள். அன்றே திருப்பிச் சொல்லிக்கொடுத்தேன். பாதிப் பேர் திரும்பினார்கள், பாதிப் பேர் பழைய பக்கமே போனார்கள், நடுவில் இரண்டு கூட்டமும் மோதியதில் ஒரு பையனுக்கு ஆடிக்கொண்டிருந்த பால்பல் விழுந்துவிட்டது. அவன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்க் காட்டினான். அன்றைய ஒத்திகை அத்தோடு சரி.

நாடகத்தில் தொலைந்துபோவதற்கு ஒரு குழந்தை தேடினேன். தொலைந்துபோக எல்லோருக்கும் ஆசை. ஆனால் குரல்? முக்கால்வாசிப் பிள்ளைகளின் குரல் அவர்கள் உதட்டைத் தாண்டாது. மூன்றாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். இரட்டைப் பின்னல், முன்பல்லில் ஓட்டை. கொட்டகையின் அந்தக் கோடியில் நின்று பேசினால் இந்தக் கோடியில் கேட்கும். அவளுடைய அம்மா அப்பா கிரிவலப் பாதையில் இளநீரும் வேகவைத்த சோளமும் விற்பவர்கள். பௌர்ணமி தவறாமல் அவளும் கடையில் இருப்பாள். கூவிக் கூவி வந்த குரல் அது. அவளையே போட்டேன்.

முதல் ஒத்திகையில் அம்மாவின் கை விடுபட்டதும் அவள் நடுவில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழச் சொன்னேன்.

“எதுக்கு மிஸ்?”

“அம்மாவைக் காணோம் இல்ல? அதுக்கு.”

“எங்க அம்மா நம்பர் எனக்குத் தெரியும் மிஸ். யார் கிட்டயாச்சும் போன் வாங்கிப் பேசிடுவேன்.”

நாடகத்தில் வருகிற குழந்தைக்கு நம்பர் தெரியாது என்றேன். அந்தக் குழந்தை எத்தனாவது படிக்கிறது என்று கேட்டாள். சும்மா இருக்கட்டும் என்று யு.கே.ஜி. என்று சொல்லிவைத்தேன். யு.கே.ஜி. பாப்பா இவ்வளவு நீளமாகப் பேசுமா என்றாள். ‘கூட்டமே, நீ என் தாயை எங்கே ஒளித்துவைத்தாய்’ என்று நான் எழுதியிருந்த வசனத்தைத்தான் சொல்கிறாள். எனக்குப் பிடித்த வசனம் அது. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். சரி, இப்போதாவது அழு என்றேன். அழுகை வரவில்லை என்றாள்.

எத்தனையோ விதமாக முயற்சி செய்து பார்த்தேன். சோகமாக எதையாவது நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணை மூடி நினைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்றாள். கடைசியாக எப்போது அழுதாய் என்று கேட்டதற்கு, ஊசி போட்டபோது, அதுவும் கொஞ்சம்தான் என்றாள். கடைசியில் அபிநயமாகவே சொல்லிக்கொடுத்தேன். புருவத்தை நெரிப்பது, உதட்டைச் சுளிப்பது, தோள் குலுங்க மூச்சை இழுப்பது. ஒன்றுவிடாமல் அப்படியே செய்தாள். பார்ப்பதற்கு வயிற்றுவலி வந்தவள் மாதிரி இருந்தது. மற்ற பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

நான் அழறேன் மிஸ், நான் அழறேன் மிஸ் என்று சுற்றிலும் கைகள் நீண்டன. பொறுமை போய் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அழ விட்டுப் பார்த்தேன். தத்ரூபமாக அழுதாள். ஆனால் நிறுத்த முடியவில்லை. அழுது அழுது, சாப்பிட்டதையெல்லாம் கொட்டகை நடுவில் வாந்தி எடுத்துவிட்டாள். மறுபடியும் அழாத பெண்ணிடமே வந்து சேர்ந்தேன்.

அம்மாவாக நடித்தது ஐந்தாம் வகுப்பில் படிக்கும் உயரமான பெண். அவளால் எனக்குத் தொல்லை இல்லை. அவளைப் பெற்ற அம்மாவால்தான். தினமும் பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே வந்து வாசல் கேட் அருகே நிற்பார். குழந்தையைத் தொலைத்த தாய் என்பதால் தலைமுடி கலைந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவே இல்லை. ரோஸ் நிறத்தில் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ, நெற்றிச்சுட்டி என்று அவரே முடிவு செய்துவிட்டார். கிரிவலத்துக்கு யாராவது நெற்றிச்சுட்டி கட்டிக்கொண்டு போவார்களா என்று கேட்டேன். போட்டோவில் முகம் நன்றாகத் தெரிய வேண்டும் மிஸ் என்றார். சுட்டிக்கும் முகம் தெரிவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

விழா ஒரு பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. பள்ளித் திடலில் பந்தல், மேடை, காது கிழிய ஸ்பீக்கர். மூன்று மணிக்கே மேக்கப் போட்டுவிட்டோம். சிறப்பு விருந்தினர் வந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. அதற்குள் பாதிப் பேர் உதட்டுச் சாயத்தைப் பிஸ்கட்டோடு தின்றுவிட்டார்கள். இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். ஒருவன் ஒட்டிய மீசையைப் பிய்த்து இன்னொருவன் முதுகில் ஒட்டியிருந்தான்.

நடனம் ஒருவழியாக நல்ல பக்கமே சுற்றியது. நடுவில் ஒரு பையன் கூட்டத்தில் தன் அப்பாவைக் கண்டுபிடித்து, நின்று கையாட்ட, பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவன் மேல் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஆனாலும் மலை வலது கைப் பக்கம்தான் இருந்தது. எனக்கு அது போதும்.

அடுத்து நாடகம். நான் மேடையின் வலது ஓரத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அம்மாவும் குழந்தையும் கூட்டத்தோடு வந்தார்கள். கை விடுபட்டது. கூட்டம் கலைந்தது. அம்மா இடது பக்கமாக வெளியேறினாள். மேடைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, நான் தட்டிக்கொடுத்ததும் ‘ஐயோ என் கண்ணே’ என்று ஓட வேண்டும். குழந்தை நடுவில் நின்று வயிற்றுவலி அழுகையைச் செய்தது. அம்மா வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இடது பக்கப் படியில் இறங்கியவளை, பூ சரிந்துவிட்டது என்று அவளுடைய அம்மா கையைப் பிடித்து, ஹேர்பின் குத்துவதற்குப் பக்கத்து வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நாடகத்தின் நடுவில்.

மேடையில் குழந்தை இரண்டாம் முறையும் அழுதது. மூன்றாம் முறை தோளை மட்டும் குலுக்கியது. கூட்டம் சலசலத்தது. அவள் இடது பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையால் கண்ணைக் கசக்கிக் காட்டி, அழு, அழுதுகொண்டே இரு என்று ஜாடை செய்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடையின் முன்னால் வரவேற்புரைக்காக வைத்திருந்த மைக்கை நோக்கி நடந்தாள். மைக் அவளுக்கு எட்டவில்லை. கம்பியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“அன்பான பக்தகோடிகளுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு.”

பௌர்ணமி தோறும் பாதை முழுக்க ஸ்பீக்கரில் கேட்கிற அதே இழுப்பு, அதே மூக்குக் குரல். பந்தலே அமைதியானது.

“ரோஸ் கலர் பட்டுப்புடவை கட்டின அம்மா ஒருத்தங்க காணாம போயிட்டாங்க. அவங்க எங்க இருந்தாலும் உடனடியா மேடைக்கு வரவும். அவங்க பொண்ணு இங்க தனியா நின்னுக்கினு இருக்குது.”

சிரிப்பு எங்கிருந்து கிளம்பியதோ, பந்தல் முழுவதும் பரவியது. அவள் அதை லட்சியமே செய்யவில்லை. அறிவிப்பாளர்கள் செய்வதைப் போல முழுவதையும் இன்னொரு முறை சொன்னாள். போலீஸ்காரனாக நடித்த பையன், தன் முறை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நேராக வந்து கூட்டத்துக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு நின்றான். அப்போதுதான் அம்மா ஓடி வந்தாள். பூ ஒரு பக்கம் தொங்கியது. தலையில் சீப்பு செருகியபடியே இருந்தது. வந்தவள் மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

“ஐயோ என் கண்ணே, என்னை விட்டு எங்கே போனாய்?”

“நான் இங்கதான் இருக்கேன். நீதான் போயிட்ட.”

விசில் பறந்தது. நான் திரையை இழுத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம்தான், வேறொன்றும் இல்லை. கடைசிக் காட்சியில் தாயும் மகளும் கட்டிக்கொள்ளும்போது பிள்ளைகள் எல்லோரும் அகல் விளக்கோடு வந்து நிற்கிற மாதிரி அமைத்திருந்தேன். அதற்காக இரண்டு வாரம் கத்தியிருந்தேன். விளக்குப் பிள்ளைகள் பேட்டரி அகல் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு எப்போது போவது மிஸ் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்த நடனத்துக்கு ஒருத்திக்கு முதுகில் பட்டாம்பூச்சிச் சிறகு கட்டிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வகுப்புக்காரி என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவதற்கு வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நீங்க பாத்துக்கினேதான இருந்தீங்க மிஸ். ஏன் வரல?”

“நாடகத்துல மிஸ் எல்லாம் மேடைக்கு வரக்கூடாதும்மா.”

“யாருமே வரலன்னா கூடவா?”

அவள் குரலில் குறும்பு எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் உதடு காய்ந்திருந்தது. பாவாடையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். சிறகின் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு, போய்த் தண்ணீர் குடி என்றேன்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ரோஸ் புடவைப் பெண்ணின் அம்மா வந்தார். கண் சிவந்திருந்தது.

“என் பொண்ணை எல்லாரு முன்னாடியும் காணாம போனவளா ஆக்கிட்டீங்களே மிஸ். அவ எத்தினி வசனம் படிச்சா தெரியுமா?”

அவளைக் காணாமல் போகச் செய்தது யார் என்று கேட்டிருக்கலாம். நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருந்தது. பூ நல்லா இருந்ததுங்க என்று மட்டும் சொன்னேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பௌர்ணமி கழிந்த வாரம், இளநீர்க் கடை அம்மா பள்ளிக்கு வந்தார். விழாவன்று கடைக்குக் கூரை போடுகிற வேலை இருந்ததால் இருவராலும் வர முடியவில்லை. அவர் செருப்பைக் கொட்டகைக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்து, தயங்கித் தயங்கிப் பேசினார்.

“எதனா தப்பு பண்ணிட்டாளா மிஸ்? கடைக்கு வர்றவங்க எல்லாம் அவளைப் பாத்து சிரிக்கிறாங்க.”

தப்பு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் பேசினாள், அழத்தான் வரவில்லை என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“அது அழாது மிஸ். கைக்குழந்தையிலேர்ந்து கடையிலதான் கிடக்குது. கூட்டத்துல அழுதா யாரு கவனிக்கிறது, எங்களுக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கும்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, பெண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று என்னால் யாரையும் உரக்கத் திட்ட முடியவில்லை. அடுத்த நாள் சரியாகிவிட்டது.

ஏனென்றால் அடுத்த நாள் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். மனிதருக்கு வாயெல்லாம் பல். ஒரு தாய்கூட அழவில்லை, எல்லோரும் சிரித்தார்கள், அதுவும் நல்லதுதான் என்றார். அந்த மைக் யோசனை பிரமாதம் என்றார். அது என்னுடையது இல்லை, அந்தப் பெண் தானாகச் செய்தது என்று சொன்னேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். டவுனில் பல பள்ளிகள் சேர்ந்து நடத்தும் கலைவிழா வருகிறதாம். அங்கே இதே நாடகத்தை ஒரு வார்த்தை மாறாமல் போட வேண்டுமாம்.

திரும்பவும் கொட்டகை, திரும்பவும் ஒத்திகை. இப்போது புதுத் தொல்லை. வசனத்தை மாற்றிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. கூட்டத்தில் நடக்க வேண்டியவர்கள் ஆளுக்கொரு அறிவிப்பு சொன்னார்கள். போலீஸ்காரன் மூன்று இடத்தில் சல்யூட் அடித்தான். எல்லோரையும் அடக்கி உட்கார வைத்துவிட்டு, முக்கியமான காட்சிக்கு வந்தேன். அம்மாவாக நடிக்கும் ஐந்தாம் வகுப்புக்காரியை, திரையாகக் கட்டியிருந்த போர்வைக்குப் பின்னால் நிறுத்தினேன். மூன்றாம் வகுப்புக்காரியிடம் மைக் என்று ஒரு கரண்டியைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

“சொல்லும்மா, அன்பான பக்தகோடிகளுக்கு.”

“அக்கா அங்கதான நிக்குது மிஸ்.”

“நாடகத்துல இல்லைன்னு வெச்சிக்கோ.”

“அன்னிக்கு நெசமாவே காணோம், அதான் கூப்பிட்டேன். இப்போ அக்கா காலு தெரியுதே மிஸ். நான் எதுக்குக் கூப்பிடணும்?”

கெஞ்சினேன். மிரட்டினேன். சாக்லேட் தருகிறேன் என்றேன். ஒரு முறை சொன்னாள். புத்தகத்தில் இருப்பதை வாசிக்கிற மாதிரி இருந்தது. யாருமே சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஐந்தாம் வகுப்புக்காரி, தான் இனிமேல் காணாமல் போகக் கூடாது என்று தன் அம்மா சொல்லியிருப்பதாகத் திரைக்குப் பின்னாலிருந்தே அறிவித்தாள்.

தாளாளரிடம் போய், நாடகம் வேண்டாம், நடனத்தை மட்டும் கொண்டு போகலாம் என்றேன்.

“ஏம்மா?”

“அந்தப் பொண்ணு ஒத்துக்கலைங்க சார்.”

“மூணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணா?”

“ஆமாங்க சார்.”

அவர் மறுபடியும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பற்றி அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்று தெரியவில்லை. சரி, போங்க என்றார்.

நாடகம் இல்லை என்றதும் மூன்றாம் வகுப்புக்காரி நடனத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வரிசையில் நிறுத்தினேன். குரலில் இருந்த சாமர்த்தியம் காலில் இல்லை. எல்லோரும் வலது காலைத் தட்டும்போது இவள் இடது காலைத் தட்டுகிறாள். சொன்னால் குனிந்து தன் காலைப் பார்க்கிறாள். குனிந்தால் முன்னால் போகிறவன் மேல் இடிக்கிறாள். கலைவிழாவுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. அவளைத் தனியாக நிறுத்தி, அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, வலது காலைக் கையால் பிடித்துத் தூக்கித் தரையில் வைத்தேன். இது என்றேன். தெரியும் மிஸ் என்றாள். மறுபடியும் இடது காலைத் தட்டினாள்.